பாய்லருக்குப் பின்னால் ஆறு கேன்கள்

லிங்கராஜபுரம், பெங்களூரு
1 ஜூலை 2025

கவியரசனுக்கு,

அன்புள்ள என்று எழுதவில்லை. கவனித்திருப்பாய்.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "அக்கா, கேளுக்கா" என்று இழுப்பாய், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதே நினைவிருக்காது. அதனால் மெயில். எழுதினால் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்துக் கெட்ட வார்த்தைகளை எடுத்துவிடலாம். இதில் மூன்று எடுத்திருக்கிறேன்.

நேற்று முன்தினம் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நாங்கள் முலாம் பூசிக் கழுவி விடும் தண்ணீரில் நிக்கல் வரம்பைப் போல ஒன்பது மடங்கு இருக்கிறதாம். நூற்றிருபது நாள் கெடு. அக்டோபர் இருபத்தேழாம் தேதி மறுபடி வந்து தண்ணீர் எடுப்பார்கள். அன்றும் தேறாவிட்டால் கரண்டை வெட்டிக் கதவுக்குச் சீல் வைப்பார்கள். பீன்யா தொழிற்பேட்டையில் பதினாறு வருடமாக நடத்துகிறேன். பதினொரு பேர் இதை நம்பிச் சாப்பிடுகிறார்கள். உனக்குத் தெரியாததா, காலேஜ் விடுமுறை முழுக்க அங்கேதானே அல்போன்சா அக்காவோடு கதவுக் கைப்பிடிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இருந்தாய்.

நோட்டீஸோடு ஆய்வறிக்கையும் வைத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து, முனைவர் மு. கவியரசன். யாரோ அதே பெயரில் இருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். அந்தக் கோணல் வாலைப் பார்த்ததும் நீதான் என்று தெரிந்துவிட்டது. உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பாவுக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட்டேன். நீ எனக்குத் திருப்பிப் போட்ட கையெழுத்து இது.

ஜூன் ஆறாம் தேதி போட்டிருக்கிறாய். பத்தாம் தேதி ஐஸ்லாந்துக்கு விமானம் ஏறினாய். நடுவில் இரண்டு நாள் என் வீட்டில் சாப்பிட்டாய். எள்ளுத் துவையல் நன்றாக இருக்கிறது என்றாய். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

சங்கமித்ரா

*

ஹ்வேரகெர்தி, ஐஸ்லாந்து
5 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அன்புள்ள என்றே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் பாட்டில்களில் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். உன் அறிக்கையில் இருக்கும் பதினேழாம் எண் யாருடையது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அளந்ததை அளந்தபடி எழுதினோம். இந்த விஷயத்தில் இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

அதனால் வேறு ஒன்று எழுதுகிறேன். கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துப் படி.

இந்த ஊரில் எரிமலைச் சூடு மண்ணுக்கு அடியிலேயே இருக்கிறது. காலையில் நடக்கப் போனால் வழியோரப் பள்ளங்களில் தண்ணீர் தானாகக் கொதித்துக்கொண்டிருக்கும். கொதிக்கும் சேற்றின் ஓரமாக அழுகிய முட்டை வாசனை. அதில் முக்கால்வாசி எரிமலை விடும் வாயு. மீதி நான் தேடி வந்த ஆட்களின் வேலை. நமக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். இந்த நுண்ணுயிர்களுக்குக் காற்று விஷம். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட்டை எடுத்துக்கொண்டு சல்பைடாக வெளியே விடுகின்றன. அந்தச் சல்பைடு நிக்கலைக் கண்டால் விடாது. இரண்டும் ஒட்டிக் கறுப்புத் தூளாகி அடியில் உட்கார்ந்துவிடும். மேலே நிற்பது தெளிந்த தண்ணீர்.

உன் கழுவு தண்ணீரில் என்ன இருக்கிறது? நிக்கல் சல்பேட். அவற்றுக்கு மூச்சுவிட வேண்டியதும், நீ பிடித்துவைக்க வேண்டியதும் ஒரே தொட்டியில். ஊரில் கிடைக்கும் சாதாரணக் கிருமியை விட்டால் உன் அறுபது டிகிரிச் சூட்டில் செத்துப்போகும். தண்ணீரை ஆறவைக்கப் பெரிய தொட்டி வேண்டும், அதற்கு உன்னிடம் இடம் கிடையாது. வெந்நீர் ஊற்றில் பிறந்தவற்றுக்கு அறுபது டிகிரிதான் சொந்த வீடு.

போன வருடம் முறைப்படி அனுமதி வாங்கி இங்கிருந்து கொண்டுவந்த ஒரு கூட்டம் பெங்களூர் ஆய்வகத்தில் வளர்கிறது. ஸ்னேஹா பார்த்துக்கொள்கிறாள். என்னோடு வேலை செய்பவள், நம் வீட்டில் மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டாளே, அவள்தான். உன் பட்டறைக்கு ஒரு கண்ணாடிக் குடுவை கொண்டுவந்து தரச் சொல்லட்டுமா?

கவி

*

லிங்கராஜபுரம்
13 ஜூலை 2025

கவியரசனுக்கு,

எரிமலைப் பூச்சியைப் பீன்யாவில் விடச் சொல்கிறாய். ஏற்கெனவே கோரகுண்டேபாளையா சிக்னலில் தினம் முக்கால் மணி நேரம் கொதித்துக்கொண்டுதான் நிற்கிறேன், எரிமலை ஒன்றுதான் பாக்கி.

இரண்டு ஆலோசகர்களை வரவழைத்துப் பார்த்துவிட்டேன். முதல் ஆள் சொன்ன இயந்திரத்தை வைத்தால் எங்களுக்கு நிற்க இடம் இருக்காது. இரண்டாவது ஆள் பட்டறையை ஊருக்கு வெளியே மாலூருக்கு மாற்றச் சொன்னார். அல்போன்சா அக்கா அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார். அதனால்தான் உன்னிடம் வருகிறேன். சமாதானம் என்று எண்ணிக்கொள்ளாதே.

கேள்விகள் இருக்கின்றன. தப்பித் தவறிக் கையில் பட்டால் நோய் வருமா? சாக்கடைக்குப் போனால் ஊரை நாசம் பண்ணுமா? பூச்சி என்ன சாப்பிடும்? நான் நாளெல்லாம் ஆர்டருக்கும் டெலிவரிக்கும் அலைகிறவள். குழந்தையைப் போலப் பார்த்துக்கொள் என்று எழுதிவிடாதே.

சங்கமித்ரா

*

ஹ்வேரகெர்தி
15 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கையில் பட்டால் நோய் வராது. அவற்றுக்கு வேண்டிய சூடு நம் உடம்பில் இல்லை. சாக்கடையில் விழுந்தால் குளிரிலும் காற்றிலும் முடங்கிவிடும். பயப்பட வேண்டியது அது விடும் வாயுவுக்குத்தான். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது, அதற்குப் பிறகு ஆளையே சாய்த்துவிடும். அதனால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வாயு வெளியேறும் குழாயை, துருப்பிடித்த இரும்புச் சுருள் போட்ட தண்ணீர் பாட்டிலுக்குள் விட வேண்டும். துரு வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்து லேத் பட்டறையில் இரும்புச் சுருள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஸ்னேஹா வாயு அளக்கும் கருவியோடு வருவாள். அது கூவினால் எல்லாரும் வெளியே ஓடிவிட வேண்டும், நீ உட்பட.

சாப்பாடு வெல்லத் தண்ணீர். மண்டியா வெல்லம் போதும், உயர்ந்த ரகம் தேடாதே. வெல்லத்தை இந்தக் கூட்டத்தில் ஒரு சாரார் புளிக்கவைப்பார்கள், புளித்ததை மற்றவர்கள் சாப்பிடுவார்கள். உன் தண்ணீர் புளிப்பு அதிகம், சுண்ணாம்பு போட்டுக் குறைத்த பிறகே ஊற்று. நிக்கல் ஒரேயடியாகப் போனால் அவையே செத்துவிடும். முதல் வாரம் நாளைக்கு ஒரு சொம்பு, பிறகு ஒரு பக்கெட். வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருநூறு லிட்டர் நீல டிரம் ஒன்றை வைத்துக்கொள்.

கறுப்பாக மாறினால் வெற்றி. நாறினால் பெரிய வெற்றி.

இன்னொன்று. இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவனே அந்தப் பட்டறைக்கு உதவுகிறான் என்று ஆய்வகத்தில் பேச்சு வந்தால் எனக்குச் சங்கடம். உன் ஆட்களிடமும் ஏதோ மருந்து என்று சொல்லிவை.

கவி

*

லிங்கராஜபுரம்
24 ஆகஸ்ட் 2025

கவிக்கு,

நாறுகிறது. நீ கேட்ட பெரிய வெற்றி.

மூன்றாவது வாரம் டிரம்மில் ஊற்றிய பச்சைத் தண்ணீர் சாம்பலானது. ஐந்தாவது வாரம் தார் போலக் கறுத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறாய். தனியாக ஸ்டோர் ரூமுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். பிரபா பார்த்துவிட்டாள். மேடத்துக்கு நோட்டீஸ் வந்ததிலிருந்து மனசு சரியில்லை என்று பட்டறையில் பேச்சு.

இந்த டிரம்மைப் பார்த்தால் எல்லாருக்கும் முகம் சுளிக்கிறது. ஷங்கர் நேற்று வந்து நின்றான். "மேடம், அந்த மருந்து டிரம் கெட்டுப்போச்சு. கொட்டிட்டுப் புதுசா போடலாமா?" நான் வேண்டாம் என்றேன். "இல்ல மேடம், பக்கத்து யூனிட்ல எலி செத்துக் கிடக்கான்னு கேக்குறாங்க." பக்கத்து யூனிட் என்றால் சீனிவாசராகவன். இந்தத் தெருவில் என் ஆர்டரைப் பறிப்பதற்கென்றே முலாம் போடுகிறவர். அவர் எலியைத் தேடட்டும்.

ஆனால் ஒரு குறை. ஸ்னேஹா கொடுத்த சோதனைத் தாளை மேல் தண்ணீரில் நனைத்தால், நிக்கல் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் இல்லையா? முன்பு ரத்தச் சிவப்பாக வந்தது. இப்போது ரோஜா நிறம். மூன்று வாரமாக அதே ரோஜாதான். வெள்ளையாகவே மாட்டேன் என்கிறது. நிக்கல் பாதிதான் குறைந்திருக்கிறது என்று ஸ்னேஹா அளந்து சொன்னாள். பாதி குறைந்தால் பாதிக் கதவுக்குத்தான் சீல் வைப்பார்களா? அறுபத்து நான்கு நாள் இருக்கிறது. யோசித்துச் சொல்.

அம்மா போன வாரம் தங்கவயலிலிருந்து போன் செய்தாள். நாம் பேசிக்கொள்கிறோமா என்று கேட்டாள். எழுதிக்கொள்கிறோம் என்றேன். அது என்ன கலெக்டர் ஆபீஸா என்றாள்.

சங்கமித்ரா

*

ஹ்வேரகெர்தி
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை உணவு மேசையில் படித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன். கூட இருந்தவர்கள் என் பிறந்தநாள் என்று நினைத்துப் பாட ஆரம்பித்தார்கள். நானும் தடுக்கவில்லை, கேக் கிடைத்தது.

ஏன் பாதியில் நிற்கிறது என்று புரியவில்லை. வெல்லம் போதாமல் இருக்கலாம், ஒரு கரண்டி கூட்டிப் பார். சுண்ணாம்பு சரியாக விழுகிறதா என்று பார். பெங்களூர் ஆய்வகத்தில் அதே கூட்டம் உன் அளவு நிக்கலைப் பத்து நாளில் முழுதாக முடித்துவிடுகிறது. உன்னிடம் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது? வளர்க்கிறவர் குணம் வந்துவிட்டதோ என்னவோ.

இங்கே ஒரு பழக்கம் உண்டு. மாவைப் பாத்திரத்தில் போட்டுச் சூடான மண்ணுக்குள் புதைத்துவிட்டு, மறுநாள் ரொட்டியாகத் தோண்டி எடுக்கிறார்கள். எனக்கு இட்லி ஆசை வந்துவிட்டது. ரவையும் தயிரும் கலந்து, ஊற்று ஆவியில் கிண்ணங்களை வைத்தேன். பத்து நிமிடத்தில் வெந்தது. பூப்போல வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கந்தக வாசனை. உன் பட்டறையில் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது, நான்கு தின்றேன்.

நீ இந்த முறை "கவிக்கு" என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன்.

கவி

*

லிங்கராஜபுரம்
4 அக்டோபர் 2025

கவி,

எல்லாம் போய்விட்டது. நான்தான் காரணம். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. நம் வீட்டில் பூஜை இல்லாவிட்டாலும் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கு உண்டு, நான் குறுக்கே நிற்பதில்லை. பீன்யா முழுக்க அன்று லேத்துக்கும் லாரிக்கும் மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள், உனக்குத் தெரியும். விஜயதசமிக்குத் தங்கவயலில் பௌத்தர்களின் தம்ம நாள் கூட்டம், அம்மாவை விகாரைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமையே கடலைப்பொரியும் ஸ்வீட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னேன். "எல்லாத்தையும் நல்லா கழுவிப் பொட்டு வெச்சிடுங்க. ஒன்னு விடாதீங்க."

அவர்கள் ஒன்று விடவில்லை.

இன்று வந்து கதவைத் திறந்தேன். நீல டிரம் புதிதாகக் கடையில் வாங்கியதைப் போலப் பளபளவென்று இருந்தது. உள்ளே பிளீச்சிங் பவுடர் வாசனை. வெளியே மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை. மூடி மேல் எலுமிச்சம்பழம். பட்டறையிலேயே பெரிய மாலை அதற்குத்தான் போட்டிருந்தார்கள். கெட்டுப்போன டிரம்மைச் சரிபண்ணி மேடத்தைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்திருப்பார்கள்.

நான் அந்த மாலையைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு அழுகை மட்டும் வந்தது. லீவு முடிந்து எல்லாரும் திங்கட்கிழமைதான் வருவார்கள். போன் போட்டு என்ன கேட்பது? ஏன் சுத்தமாகக் கழுவினீர்கள் என்றா? இன்னும் இருபத்து மூன்று நாள். ஸ்னேஹாவிடம் மறுபடி குடுவை வாங்கி வளர்த்தால் நேரத்துக்கு வருமா? உண்மையைச் சொல். ஆறுதல் வேண்டாம்.

அக்கா

*

ஹ்வேரகெர்தி
4 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உண்மை கேட்டாய். குடுவையிலிருந்து ஆரம்பித்தால் குறைந்தது ஐந்து வாரம். நேரத்துக்கு வராது.

ஆனால் காரணம் நீ இல்லை. யாரிடமும் சொல்லாதே என்றவன் நான். டிரம்மில் இருப்பது என்ன என்று ஷங்கருக்கும் பிரபாவுக்கும் தெரிந்திருந்தால் அவர்கள் கையை வைத்திருப்பார்களா? என் பெயர் கெடக் கூடாது என்று நினைத்தேன், அதற்கு உன் பட்டறையைப் பணயம் வைத்துவிட்டேன்.

ஜூலையில் எழுதாமல் விட்டதையும் இப்போது எழுதிவிடுகிறேன். பதினேழாம் எண் பாட்டிலில் பெயர் இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் அது உன் பாட்டில் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் எடுத்த அதிகாரி கட்டுவதற்கு உங்களிடமே நூல் வாங்கியிருக்க வேண்டும். மூடியைச் சுற்றிச் சிவப்பு நைலான் நூல், ஒரு பக்கம் இழுத்தால் அவிழும் இரட்டை முடிச்சு. பெங்களூரில் அந்த முடிச்சு போடுகிற ஒரே ஆள் அல்போன்சா அக்கா. நான்கு விடுமுறை அவரிடம் அதைக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன், கடைசி வரை வரவில்லை.

எண்ணைக் குறைத்து எழுதலாம் என்று ஒரு நிமிடம் கூடத் தோன்றவில்லை, அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கையெழுத்துப் போட்டதில் தப்பில்லை அக்கா. ஆனால் வேறு ஒருவரைப் போடச் சொல்லியிருக்க வேண்டும். அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் வீட்டில் உட்கார்ந்து இரண்டு நாள் எள்ளுத் துவையலைப் பற்றிப் பேசினேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

இன்று ஆய்வக இயக்குநருக்கும் வாரியத்துக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். பதினேழு என் அக்காவின் பட்டறை, இந்த முயற்சி நான் சொல்லிச் செய்தது, மறு சோதனையை வேறு ஆய்வகத்தில் வைக்க வேண்டும் என்று. கெடுவைத் தள்ளிவைக்கவும் கேட்டிருக்கிறேன், கிடைக்குமா என்று தெரியாது. நீயும் திங்கட்கிழமை உன் ஆட்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு.

கவி

*

பீன்யா, பட்டறை
6 அக்டோபர் 2025, காலை பத்தரை

டேய் கவி,

போனில் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உடனே பதில் வேண்டும்.

காலையில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். எரிமலை, பூச்சி, வெல்லம், நீ, கையெழுத்து, எல்லாம். பிரபாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "முன்னாடியே சொல்லியிருந்தா வெறும் பொட்டு மட்டும் வெச்சிருப்போமே மேடம்." ஷங்கர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு கேட்டான். "அப்ப அந்தக் கறுப்புத் தண்ணி வேணுமா மேடம்?"

"எங்கடா அது? சாக்கடையில ஊத்திட்டீங்களே."

"அய்யோ, யாரு ஊத்துனது? நோட்டீஸ் வந்ததுல இருந்து ஒரு சொம்பு தண்ணி ஊத்தவே பயமா இருக்கு. கேன்ல பிடிச்சு வெச்சிருக்கோம்."

பாய்லருக்குப் பின்னால் ஆறு கேன்கள். முப்பது லிட்டர் கேன், கழுத்து வரை நிரப்பி, மூடியை முறுக்கி, டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். பூஜைக்குக் கூட்டிப் பெருக்கியதில் இடம் மிச்சம் இருந்தது அங்கே மட்டும்தானாம். பிளீச்சிங் எல்லாம் காலி டிரம்முக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.

கரண்ட் பாய்லர், லீவிலும் அணைப்பதில்லை, அதனால் கேன்களைத் தொட்டால் சூடு. பக்கவாட்டில் வயிறு உப்பியிருக்கிறது. பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தால் அடியில் நான்கு விரல் கறுப்பு, மேலே தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது. ஷங்கர் திறக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன். உயிரோடு இருக்கிறதா? என்ன செய்யட்டும்? சீக்கிரம் சொல்.

அக்கா

*

ஹ்வேரகெர்தி
6 அக்டோபர் 2025

அக்கா,

திறக்காதே. உள்ளே திறக்காதே. ஸ்னேஹாவுக்குச் சொல்லிவிட்டேன், கருவியோடும் முகமூடியோடும் ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறாள். அவள் வந்த பிறகு திறந்த வெளிக்குக் கொண்டுபோய், குழாயை இரும்புத் துரு பாட்டிலில் விட்டுக்கொண்டே மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். வயிறு உப்பியிருக்கிறது என்றால் உள்ளே ஆட்கள் உயிரோடு வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு இங்கே உட்கார முடியவில்லை, அறைக்குள் நடந்துகொண்டே எழுதுகிறேன்.

மேல் தண்ணீரில் தாளை நனைத்துப் பார். வெள்ளையாக வந்தால் ஒரு கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். டிரம்மை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்து பார்ப்பாய்?

கவி

*

பீன்யா, பட்டறை
6 அக்டோபர் 2025, மாலை

வெள்ளை. ஆறு கேனிலும் வெள்ளை. ஸ்னேஹா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள், முகமூடியைக்கூடக் கழற்றவில்லை.

நான்கு தடவை திறப்பேன். சில நாள் ஐந்து. வேலை நடக்கிறதா என்று தெரிய வேண்டாமா?

அக்கா

*

ஹ்வேரகெர்தி
6 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அதுதான். காற்று அவற்றுக்கு விஷம் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். நீ நாளைக்கு நான்கு தடவை நலம் விசாரித்திருக்கிறாய். அவை பாதி நேரம் மயக்கம் தெளிவதிலேயே கழித்திருக்கின்றன. ஆறு நாள் யாரும் விசாரிக்காமல் விட்டதும் வேலையை முடித்துவிட்டன. நானும் லேசுப்பட்டவன் இல்லை. மூடி வைத்த டிரம்மைக் கொடுத்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தேன்?

டிரம்மை மறந்துவிடு. ஷங்கரும் பிரபாவும் செய்ததுதான் சரியான அமைப்பு. கழுத்து வரை நிரம்பிய கேன்கள், காற்றுக்கு இடமில்லை, பாய்லர் சூடு சும்மா கிடைக்கிறது. அவற்றைக் குழாயால் ஒன்றோடு ஒன்று கோத்துவிடு. முதல் கேனில் போன தண்ணீர் ஆறாவதில் தெளிந்து வரட்டும். வெல்லமும் குழாய் வழியாகவே போகட்டும். யாரும் திறக்க வேண்டாம். முக்கியமாக நீ.

கவி

*

லிங்கராஜபுரம்
8 நவம்பர் 2025

அன்புள்ள கவிக்கு,

கெடுவைத் தள்ளிவைக்க முடியாது என்று வாரியத்திலிருந்து பதில் வந்ததல்லவா, சொன்னபடியே இருபத்தேழாம் தேதி ஹரிஷ்குமார் என்கிற அதிகாரி வந்தார். ஆறு கேன்களையும் பார்த்துவிட்டு இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார். ஐஸ்லாந்தில் இருந்து வந்த வேலைக்காரர்கள் என்று நானும் கன்னடத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திறந்து காட்டுங்கள் என்றார். அல்போன்சா அக்கா முன்னால் வந்து, முடியாது என்றார். மூடிகளுக்கெல்லாம் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்தில் ஜெபமாலையோடு கோத்து வைத்திருக்கிறார். "சார், எங்க மேடத்துக்கே காட்டுறதில்ல. கடைசிக் குழாய்ல வர்ற தண்ணிய எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோங்க." அவர் எடுத்துக்கொண்டார். கட்டுவதற்கு நூல் கேட்டார். அல்போன்சா அக்கா முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

நேற்று முடிவு வந்தது. வேறு ஆய்வகம், வேறு கையெழுத்து. நிக்கல் வரம்பில் பாதிகூட இல்லை. நோட்டீஸை ரத்து செய்துவிட்டார்கள். ஷங்கர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி ஒவ்வொரு யூனிட்டாகக் காட்டிவிட்டு வந்தான். பிரபா ஆறு கேனுக்கும் பொட்டு வைத்தாள். அதற்கு மட்டும் அல்போன்சா அக்கா அனுமதி கொடுத்தார். அடியில் சேரும் கறுப்பில் இருந்து நிக்கலைத் திரும்ப எடுக்க முடியும் என்று ஸ்னேஹா சொல்கிறாள். அதை நீயும் அவளும் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு டெலிவரி இருக்கிறது.

இன்று காலை சீனிவாசராகவன் வந்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக என் பட்டறைக்குள். அவருக்கும் செப்டம்பரில் நோட்டீஸ் வந்திருக்கிறது, அதிலும் உன் கையெழுத்துதானாம், நமக்குத் தெரியாது. அவர் வெளியில் சொல்லவில்லை. ஜனவரி வரை அவகாசமாம். கேன்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ஒரு கேன் கிடைக்குமாம்மா? தயிருக்கு உறை மாதிரிதானே, கொஞ்சம் குடுத்தா போதும்னு ஷங்கர் சொன்னான்." என் ஆர்டரைப் பறிக்கிறவர். ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அல்போன்சா அக்காவிடம் மூடியைத் திறக்காமல் குழாய் வழியாகவே ஒரு கேனை நிரப்பித் தரச் சொன்னேன்.

போகும்போது கேட்டார். "ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது உங்க தம்பியாமே. உங்களுக்குக் கோவம் வரலியா?"

"வந்துச்சு சார். நாலு மாசம் பேசல."

"எனக்கும் வந்துச்சு. ஆளு கெடச்சா ரெண்டு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன்" என்றார். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு, "அவரு எப்ப வர்றாரு?" என்றார். பதினைந்தாம் தேதி என்றேன். வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறாராம். போய்விட்டு வா, மனிதர் வீட்டுப் புளிக்குழம்பு நன்றாக இருக்கும் என்று கேள்வி.

அவர் போன பிறகு நான் உட்கார்ந்து யோசித்தேன். நீ அந்த எண்ணைக் குறைத்து எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. பட்டறை ஓடியிருக்கும், பதினாறு வருடமாக ஊற்றிய இடத்திலேயே இன்னும் ஊற்றிக்கொண்டிருந்திருப்பேன். பதினொரு பேர் இதை நம்பிச் சாப்பிடுகிறார்கள் என்று உனக்கு எழுதினேனே, அந்தச் சாக்கடை போய்ச் சேரும் இடத்தில் எத்தனை பேர் என்று நான் ஒரு நாளும் எண்ணியது இல்லை. நீ செய்தது சரி. எனக்கு முதலில் சொல்லாமல் செய்தது தப்பு, அதை நீயே ஒப்புக்கொண்டாய், நானும் மன்னித்துவிட்டேன். ஆனால் செய்தது சரி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடனே பெருமையடிக்க ஆரம்பிப்பாய். அதனால் எழுதிவிட்டேன். பத்திரமாக வைத்துக்கொள். அடுத்த தடவை நான் சண்டை போடும்போது எடுத்துக் காட்டு, வாயை மூடிக்கொள்கிறேன்.

அன்புடன்
அக்கா